இடத்து மாடும் வலத்து மாடும்

எங்களுக்கு நிலம் கிடைக்கப்போகிறது என்று முதலில் சொன்னவள் வத்தலக்குண்டு சந்தையில் கருவாடு விற்கிறவள். நான் நம்பவில்லை. யாராவது சும்மா நிலம் கொடுப்பார்களா? கூடைக்கு முன்னால் நின்றுகொண்டு அவளையே திட்டினேன். காலங்காத்தாலே கதை விடாதே, கருவாட்டுக் கூறை ஒழுங்காகப் போடு என்றேன். அவளும் விடுகிறவள் இல்லை. உங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் மேட்டுக் காட்டை இல்லாதவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், சந்தைக்கே தெரியும், உனக்குத்தான் தெரியவில்லை என்று என் வாயை அடைத்தாள். ஊருக்குத் திரும்பிக் கேட்டால் அவள் சொன்னது நிஜம்.

நிலம் இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கதர் கட்டியவர்கள் ஊர் ஊராக நடந்து கேட்ட காலம் அது. ஐம்பதுகளின் பின்பாதி. சேவுகம்பட்டிக்குக் கிழக்கே இருந்த எங்கள் சின்ன ஊருக்கும் வந்து கேட்டார்கள். பெரிய வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் விவரமான நல்ல மனுஷர். வாய்க்கால் ஓரத்து வயலைத் தொடாமல் மேட்டுக் காட்டைக் கொடுத்தார். கல், கள்ளி, உடைமுள், நடுவில் கொஞ்சம் செம்மண். ஆடுகூட அங்கே மேயப் போனால் பசியோடு வீடு திரும்பும். இருந்தாலும் மண் மண்தானே.

எனக்கு நிலத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. தாடிக்கொம்பில் என் அப்பாவும் அம்மாவும் கடைசி வரை அடுத்தவர் காட்டில்தான் களை எடுத்தார்கள். கட்டிக்கொடுத்த இடமும் அப்படித்தான். பெரிய வீட்டு நிலத்தை வாரத்துக்கு உழுகிற குடும்பம். விளைந்ததில் பாதிக்கு மேல் அந்த வீட்டுக் களஞ்சியத்துக்குப் போய்விடும். ஒரு முழம் நிலமாவது என்னுடையது என்று காலை ஊன்றி நின்றுவிட்டுச் சாக வேண்டும் என்று நான் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்வேன். பிள்ளை வரம் கேட்கிற வயதில் இவள் நிலம் கேட்கிறாளே என்று சாமியே சிரித்திருக்கும்.

காளியம்மன் கோயில் பொட்டலில் கூட்டம் போட்டார்கள். திண்டுக்கல்லிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த கதர்ச்சட்டைத் தம்பி ஒருவர் பேசினார். நல்ல பிள்ளை. ஒற்றுமை, தியாகம், உழைப்பு என்று கண்ணில் நீர் வரப் பேசினார். ஊர் ஜனம் தலையை ஆட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போனால் நானும் போவேன், அவன் போகாவிட்டால் நான் மட்டும் எதற்கு மெனக்கெட வேண்டும்? எல்லோர் மனசிலும் ஓடியது இது ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது, தம்பிக்குத் தெரியவில்லை.

பிறகு ஊர் நாட்டாமை எழுந்து விஷயத்துக்கு வந்தார். இந்த ஆடிக்குள் மேட்டுக் காடு முழுவதையும் உழுது விதைத்தாக வேண்டும். தரிசாகக் கிடந்தால், பார்த்தாயா இந்தப் பயல்களால் முடியாது என்று சொல்லித் திரும்பப் பிடுங்கிக்கொள்ளப் பெரிய வீட்டு மச்சினன் காத்துக்கொண்டிருக்கிறான். அதனால் முதல் இரண்டு வருஷம் பொதுவில் வெள்ளாமை, பிறகு ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொள்வது. மாடு இல்லாதவன் மண்வெட்டியோடு வந்தால் போதும். மாடு வைத்திருக்கிறவன் ஏர் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் எங்கள் தலையில் வந்து விழுந்தது.

"மாடு இருந்தும் ஏர் வரலைன்னா பங்கு கெடையாது. அது யாரா இருந்தாலும் சரி."

கூட்டம் மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. முதலில் என் வீட்டுக்காரரை, அப்புறம் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணனை. யாரோ சிரித்தார்கள். பின்னே சிரிக்க மாட்டார்களா? எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒற்றை மாடு.

அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் என் ஓரகத்தியும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில்தான் பொங்கித் தின்றோம். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி அவள். அக்கா என்று கூப்பிடுவேன். கெட்டிக்காரி, வாய்க்காரி. எனக்கு மட்டும் வாய் இல்லையா என்ன? ஒருநாள் என் வீட்டுக்காரர் தட்டில் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் குறைவாக வைத்தாள் என்று நான் கேட்டுவிட்டேன். உன் புருஷன் உழுதது இம்புட்டுக்குத்தான் என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பேச்சுவார்த்தை நின்றது, அந்த மாதமே பாகம் பிரித்தோம். வீட்டுக்கு நடுவில் மண்சுவர் எழும்பியது. நுகத்தடி அவர்களுக்கு, கலப்பை எங்களுக்கு. மாட்டை மட்டும் பிரிக்க வேண்டாம், ஒருவர் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இருவரும் கன்றுக்குட்டியாக வாங்கி வளர்த்த மாடுகள் அவை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இப்படிப் பிரித்த புத்திசாலிகளை எங்கள் பக்கத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. ஏர் மாட்டில் ஒன்று இடப்பக்கம் பழகியது, ஒன்று வலப்பக்கம் பழகியது. எங்களுக்கு வந்தது இடத்து மாடு, அவர்களுக்குப் போனது வலத்து மாடு. இரண்டும் ஒரே நுகத்தடியில் சேர்ந்தே பழகியவை. வேறு மாட்டோடு பூட்டினால் இரண்டுமே ஒத்துழைக்காது. அதனால் இரண்டு வீட்டிலும் மாடு இருந்தது, ஏர் இல்லை. ஊரில் எங்களுக்கு 'அரை ஏர்' என்றே பட்டப்பெயர். வாரத்து நிலத்தைக் கூலிக்கு ஏர் பிடித்து உழுதுகொண்டு, கொட்டத்தில் நிற்கிற மாட்டுக்கு வைக்கோலும் போட்டோம். வீராப்புக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது.

சரி, மேட்டுக் காட்டுக்கு வருவோம். கதர்ச்சட்டைத் தம்பி உழவுக்கு முன்னால் ஒருநாள் காட்டைத் துப்புரவு செய்ய எல்லோரும் ஏர் மாடோடு வர வேண்டும் என்று நாள் குறித்தார். குறித்தது அமாவாசையை. அன்றைக்கு ஊரில் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள் என்று கவனித்து வைத்திருக்கிறார். ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. அமாவாசையன்று எங்கள் பக்கம் மாட்டின் கழுத்தில் நுகம் வைக்க மாட்டார்கள். அது மாட்டுக்கு ஓய்வு நாள். காலையில் வந்து பார்த்தார், ஓர் ஏர்கூட இல்லை. பாவம், முகம் சுண்டிப்போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். செத்த நேரத்தில் ஊரே கடப்பாரையும் அரிவாளும் கூடையுமாக மேடேறி வருவதைக் கண்டதும் எழுந்து நின்றார். மாட்டுக்குத்தான் அமாவாசை, மனுஷனுக்கு என்ன என்று நாட்டாமை சிரித்தார்.

ஆண்கள் முள் வெட்டினார்கள். பெண்கள் கல் பொறுக்கினோம். நான் போய் ஓர் இடத்தில் கல்லைக் கொட்டினேன். ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு, அதில் கொட்டாமல் தள்ளிப் போய்த் தனியாக ஒரு குவியல் போட்டாள். அப்படியா சங்கதி என்று நான் கூடையை விரசாக நிரப்பினேன். அவள் என்னைவிடப் பெரிய கூடை எடுத்தாள். என் கொழுப்பைப் பாருங்கள், நான் கல்லை மடியிலும் கட்டிக்கொண்டு ஓடினேன். மற்ற பெண்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேலத்தெருக்காரிகள் என் பக்கம், கீழத்தெருக்காரிகள் அவள் பக்கம் என்று பிரிந்து, ஒருத்தியை ஒருத்தி கேலி பேசிக்கொண்டு கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். உச்சிப் பொழுது சாய்வதற்குள் காடு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. தம்பி நெகிழ்ந்துபோய், என்ன ஒற்றுமை, என்ன ஒற்றுமை என்றார். நானும் அவளும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தோம்.

ஆடி பிறந்து முதல் மழை நன்றாகவே இறங்கியது. மறுநாள் காலை உழவு என்று தண்டோரா போட்டார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். தண்டோரா கேட்டதுமே மாட்டைப் பிடித்துக்கொண்டு போய், கீழத்தெருவில் ஒரு கிழவரிடம் இருந்த ஒற்றை மாட்டோடு சேர்த்துப் பூட்டிப் பார்த்தார். அதுவும் இடத்து மாடு. எங்கள் மாட்டை வலப்பக்கம் நிறுத்தினால் அது சும்மா நிற்குமா? தன் இடத்துக்குப் போக வேண்டும் என்று அந்தக் கிழட்டு மாட்டை இடித்து இடித்து வேலியில் தள்ளிவிட்டது. அண்ணன்காரரும் சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு மாட்டை இரவல் கேட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருடைய மாடு நுகத்தடியைக் கழுத்தில் வைத்ததும் முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. வாலை முறுக்கியும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து வாசலில் உட்கார்ந்தார். நமக்கு இல்லை புள்ள, விடு என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. மாட்டின் மேலா, ஓரகத்தி மேலா, அந்த வெஞ்சனத்தின் மேலா? நாளைக்கு ஊர் மொத்தமும் மேட்டில் நிற்கும், நான் மட்டும் கீழே நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். மறுபடியும் அடுத்தவர் காட்டில் களை எடுக்க வேண்டும், நான் சாகும் மட்டும். நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுகை வந்ததும் எழுந்துவிட்டேன். அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஜாதி நான் இல்லை.

மாட்டை அவிழ்த்தேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்பதற்குள் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓரகத்தி வீட்டுக் கொட்டத்துக்குப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மூத்தார், அதாவது அவள் வீட்டுக்காரர், உள்ளே இருந்தார். அவரிடம் நான் நேராகப் பேச முடியாது. தம்பி பெண்டாட்டி பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஓரகத்தியிடம் பேசலாம், ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது. பேசினால் நான்தான் இறங்கி வந்தேன் என்றாகிவிடும். அதனால் மாட்டிடம் பேசினேன். ஜாடை பேசுவதில் நாங்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

"இந்தா, போயி ஒன் ஜோடிகிட்ட நில்லு. மனுசருக்குத்தான் ரோசம், ஒனக்கு என்ன கேடு?"

அவள் தன் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே அதனிடம் சொன்னாள். "வந்தவுகளைப் பார்த்துக்கடா. வாயும் வீராப்புமாத்தான் வெளிய போனாக. இப்ப எந்த வழியாத் திரும்பி வாராகளாம்?"

"காட்டு வழியாத்தான்" என்றேன் என் மாட்டிடம். "நாளைக்கு மேட்டுக் காட்டுக்குப் போகலைன்னா ரெண்டு வீடும் காலம் பூரா பெரிய வீட்டு வாசல்லதான் நிக்கணும். வெஞ்சனம் கொறைஞ்சதுக்கு வெள்ளாமையையே விட்ட கதையா ஆயிரும்."

மாடுகள் இரண்டும் ஒன்றையொன்று மோந்து பார்த்தன. எங்கள் மாடு தானாக இடப்பக்கம் போய் நின்றுகொண்டது. அப்போது உள்ளேயிருந்து மூத்தார் தன் பெண்டாட்டியைக் கேட்டார்.

"ஏ புள்ள, அந்த நொகத்தடி எங்க கெடக்கு?"

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. ஓரகத்தி தண்ணீர்ச் சட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். சுவர் எழும்பிய பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "என்ன மரமாட்டம் நிக்கிற? மாட்டுக்குப் பசிக்குது. அந்தக் கூளத்தை அள்ளிப் போடு."

அள்ளிப் போட்டேன். சொன்னதற்கு மேல் இரண்டு கை கூடவே போட்டேன். சந்தோஷம்தான், வேறு என்ன?

மறுநாள் காலை எங்கள் ஏர் மேடேறியபோது ஊரே கேலி செய்தது. அரையும் அரையும் சேர்ந்து ஒண்ணாயிருச்சுடோய் என்று ஒருவன் கூவினான். நாட்டாமை மட்டும் கலப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். மூத்தார் மேழியைப் பிடித்தார், என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை, வேலை தெரிந்த மாடுகள். செம்மண் புரண்டு புரண்டு விழுந்தது. ஏர்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் போனதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உச்சி நேரத்தில் உழவு ஆழம் போதாது என்று என் வீட்டுக்காரர் சொல்ல, எனக்கே சொல்லிக் கொடுக்கிறாயாடா என்று அண்ணன் கத்த, இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டார்கள். சண்டை போட்டால் பேச்சு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். நான் நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன்.

ஏருக்குப் பின்னால் நாங்கள் பெண்கள் கடலை விதை போட்டுக்கொண்டு போனோம். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பெரிய வீட்டுக் காட்டில் விதை போடும்போது ஏர் கிழித்த சாலில் கொஞ்சம் விழும், வாயில் கொஞ்சம் விழும். மேஸ்திரி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பான். முழுங்கிவிட்டுத் திறந்து காட்டுவோம். அன்றைக்கு மேட்டுக் காட்டில் மேஸ்திரி யாரும் இல்லை, மடி நிறைய விதை. ஆனால் ஒருத்தி வாயும் அசையவில்லை. எனக்கு முன்னால் போன ஓரகத்தி சாலுக்குத் தப்பி வெளியே விழுந்த ஒரு கடலையைக் குனிந்து எடுத்து ஊதி, மறுபடி மண்ணுக்குள் வைத்ததை நான் பார்த்தேன். கதர்ச்சட்டைத் தம்பி வருஷம் பூராவும் கூட்டம் போட்டுப் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை. இது நினைவிருக்கிறது.

கடலை விளைந்தது. அமோகம் என்று சொல்ல மாட்டேன், மேடுதானே. ஆனால் பாதியை அளந்து யார் வீட்டுக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பெரிய வீட்டு மச்சினன் ஒருநாள் வரப்போரம் வந்து பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனான். அதற்கப்புறம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. அடுத்த வருஷமும் பொதுவிலேயே உழுதோம். அதற்கடுத்த வருஷம் சொன்னபடி ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுக்க முடிவானது. சீட்டுக் குலுக்கினார்கள். குலுக்கலில் எங்களுக்கும் ஓரகத்தி வீட்டுக்கும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் விழுந்தன. ஊர் சிரித்தது, இனி தினமும் வேடிக்கைக்குக் குறைவில்லை என்றார்கள்.

நிலம் அளக்கிறவர் சங்கிலியோடு வந்தார். எல்லைக் கற்கள் வண்டியில் வந்தன. அன்றைக்கு நான் தலைக்குக் குளித்து, மஞ்சளும் குங்குமமும் ஒரு கிண்ணத்தில் குழைத்து எடுத்துக்கொண்டு போனேன். என் நிலத்தில் நடுகிற கல்லுக்கு என் கையால் பொட்டு வைக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் கோயிலில் கேட்டது அதைத்தானே. மற்றவர்களின் துண்டுகளுக்கெல்லாம் கல் நட்டுக்கொண்டே வந்தார்கள். எங்கள் துண்டின் மூன்று பக்கமும் நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. கடைசியாக, எங்கள் துண்டுக்கும் அவர்கள் துண்டுக்கும் நடுவில் கல்லை இறக்கிக் குழி தோண்டப் போனார்கள்.

"அய்யா, அந்தக் கல்லை அங்க ஊனாதீக" என்றாள் ஓரகத்தி. "மாடு திரும்புற எடம். காலு இடிக்கும்."

அளக்க வந்தவருக்கு எரிச்சல். கல் இல்லாவிட்டால் எது யாருடைய நிலம் என்று எப்படித் தெரியும், நாளைக்குத் தகராறு வந்தால் என்ன செய்வீர்கள் என்றார்.

"தகராறுக்கு எங்களுக்குக் கல்லு எதுக்குங்கய்யா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு."

கடப்பாரையைப் பிடித்திருந்தவன் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிண்ணத்தில் இன்னும் ஒரு பொட்டுக்கு மஞ்சள் இருந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே கிழக்கே எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா சொல்றதுதான் சரி, கல்லை வண்டியில ஏத்துங்க" என்றேன்.